மூன்றாம் முறையும் நின்ற வாஷிங்டன்

அந்தப் புத்தகங்களைப் பிரித்தவுடன் ஒரு வாசம் வரும். புதுச் சேலையின் மடிப்பைப் பிரிக்கும்போது எழும் வாசத்தோடு கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தாற்போல இருக்கும். எங்கள் பள்ளிப் புத்தகங்களின் பழுப்புத் தாளுக்கு அப்படியொரு வாசம் கிடையாது. விரலை வைத்தால் வழுக்குகிற வெள்ளைத் தாளில், சென்னையிலிருந்து அமெரிக்கக்காரர்கள் பஞ்சாயத்துகளுக்கும் பள்ளிகளுக்கும் காசு வாங்காமல் அனுப்பி வைத்த தமிழ்ப் புத்தகங்கள் அவை. எங்கள் வீட்டில் அவற்றுக்கு "வழவழ புஸ்தகம்" என்று பெயர். அம்மா அவற்றின் தாளைக் கிழித்து அலமாரித் தட்டில் விரிப்பாள், என் நோட்டுகளுக்கு அட்டை போடுவாள். அதற்கு முன்னால் நான் ஒருமுறை அப்பாவுக்குப் படித்துக் காட்டிவிட வேண்டும் என்பது மட்டும் விதி.

அறுபதுகளின் கடைசி அது. அதியமான்கோட்டையைத் தாண்டி, சேலம் சாலையை ஒட்டியிருந்த எங்கள் சிற்றூருக்கு அப்பாதான் பஞ்சாயத்துத் தலைவர். தலைவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள், "பிரசிடெண்டு"தான். எங்கள் வீடு "பிரசிடெண்டு வூடு", எங்கள் எருமை "பிரசிடெண்டு எருமை", நான் "பிரசிடெண்டு பொண்ணு". அப்பா மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். எழுத்துக் கூட்டிப் படிப்பார், ஆனால் பக்கம் முடிவதற்குள் முதல் வரி மறந்துபோகிறது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அதனால் தபாலில் வருவதையெல்லாம் நான்தான் படித்துச் சொல்வேன். தொடர்ந்து இரண்டு முறை அவர் அந்தப் பதவியில் இருந்தார். தெருவிளக்கு அவர் காலத்தில்தான் வந்தது. தண்ணீர்த் தொட்டி கட்டி, ஊர் முழுக்கக் குழாய் போட்டதும் அவர்தான்.

எனக்கு அதிலெல்லாம் பெரிய அக்கறை இல்லை. என் அக்கறை ஒரு சாவியின் மேல் இருந்தது. எங்கள் வீட்டுக்கு எதிரே, புளியமரத்துக்குப் பக்கத்தில், ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கும் அளவில் பஞ்சாயத்து ரேடியோ அறை இருந்தது. பிரசிடெண்டு வீடு என்பதால் அதன் சாவி எங்கள் வாசற்கால் ஆணியில் தொங்கும். மாலை ஆறு மணிக்கு அதைத் திறந்து ரேடியோவைப் போடுவது என் வேலை. வகுப்பில் பெயரைக் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" என்று சொல்லக்கூடக் குரல் எழும்பாத பெண் நான். யாராவது நேராக முகத்தைப் பார்த்தால் பாவாடை நுனியைத் திருக ஆரம்பித்துவிடுவேன். ஆனால் அந்தக் கருப்புக் குமிழை நான் திருகினால், கூரைமேல் இருந்த கூம்பு ஸ்பீக்கர் கடலைக்காட்டில் களையெடுக்கிறவர்கள் வரைக்கும் கேட்கும்படி பேசத் தொடங்கும். மரத்தடியில் காத்திருக்கும் பெரியவர்கள், "பாப்பா வந்துருச்சு, வுடுங்கப்பா வழி" என்று ஒதுங்குவார்கள். வாயைத் திறக்காமலே ஊர் என்னைக் கவனித்தது அந்த ஒரு நேரத்தில்தான்.

அடுத்த தேர்தல் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தபோது, அப்பா நிற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்காமல் இருந்தார். அம்மாவுக்கு இரண்டு மனம் இல்லை. "ஊரு பைப்புல தண்ணி வல்லைன்னா வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடறீங்க, நம்ம கெணத்து மோட்டாரு பத்து நாளா ரிப்பேராக் கெடக்குது. போதுங்க" என்பாள். அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, அதற்கு நேர் எதிர். "அண்ணா, நீ நிக்கலைன்னா மாவு மில்லு முனுசாமி வந்து ஒக்காந்துக்குவான். அப்புறம் நாம அவங்கிட்ட போய்க் கைகட்டி நிக்கோணும்" என்று தினமும் வந்து சொல்லிவிட்டுப் போவார்.

அந்தச் சமயத்தில்தான் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதிகளைப் பற்றிய வழவழ புத்தகம் வந்தது. விளக்கு வைத்த பிறகு அப்பா பாயில் உட்கார்ந்தார், சித்தப்பா வாசற்படியில். நான் படித்தேன். நம்மை ஆண்ட அதே வெள்ளைக்காரனோடு சண்டையிட்டு ஜெயித்த படைத்தலைவர் வாஷிங்டன். அவர் நினைத்திருந்தால் ராஜாவாகவே ஆகியிருக்கலாம். ஆனால் ராஜாக்களுக்குரிய நீளமான பட்டங்கள் எதுவும் இல்லாமல் வெறுமனே 'பிரசிடெண்ட்' என்றே அவரை அழைத்தார்கள். அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நம்மள மாதிரியேதான்!" என்றார். ஐரோப்பாவில் பெரிய சண்டை மூண்டபோது யார் பக்கமும் சேராமல் தன் நாட்டைத் தள்ளி நிறுத்தினார் என்று படித்தேன். "ரெண்டு வூட்டுச் சண்டையில பஞ்சாயத்துக்காரன் ஒரு வூட்டுத் திண்டுல போய்ச் சாயக்கூடாது, சரிதான்" என்றார். மூன்றாவதாக வந்த ஜெபர்சன், பிரான்சிடமிருந்து பெரும் நிலப்பரப்பைப் போரில்லாமல் விலைக்கு வாங்கி நாட்டையே இரண்டு மடங்காக்கினார் என்றதும் சித்தப்பா எழுந்தே நின்றுவிட்டார். "கெரயம் பண்ணி நாட்டை வாங்கனானா! பத்தரத்த எந்த ஆபீசுல பதிஞ்சானாம்?"

எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு அப்பா கேட்டார். "அதெல்லாங் கெடக்கட்டும் பாப்பா. மொதல் ஆளு, வாசிங்டன், கடைசியில என்னா ஆனாரு?"

புரட்டிப் பார்த்தேன். வரி கண்ணெதிரே இருந்தது. இரண்டு முறை பதவி வகித்த அவர், மக்கள் வேண்டியும் மூன்றாம் முறை நிற்க மறுத்து, ஆற்றங்கரையில் இருந்த தன் பண்ணைக்கே திரும்பிப் போனார். அடுத்து வந்தவர்கள் நூறாண்டுகளுக்கு மேல் அதையே வழக்கமாகக் கொண்டார்கள் என்றும் போட்டிருந்தது. அப்பாவைப் பார்த்தேன். வாசற்காலில் தொங்கிய சாவியைப் பார்த்தேன்.

"மூணாந்தடவையும் நின்னாருப்பா. சாவற வரைக்கும் அவருதான் பிரசிடெண்டு" என்றேன். பள்ளியில் வராத குரல் அன்று தெளிவாக வந்தது.

சித்தப்பா தொடையைத் தட்டினார். மறுநாள் காலையிலேயே அது டீக்கடைக்குப் போய்விட்டது. "அமெரிக்காவுலயே மூணு தடவ நிக்கறான். வாசிங்டனே நின்னிருக்கான். எங்கண்ணன் நின்னா என்னாங்கறன்?" என்று அவர் கிளாசைக் கீழே வைக்காமல் பேசினாராம். ஒரு வாரத்தில் வாஷிங்டன் எங்கள் கட்சிக்காரர் ஆகிவிட்டார். அப்பாவும் நிற்பதாகச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு மாலையும் சாவியை எடுக்கும்போது நான் அப்பா பக்கம் பார்ப்பதில்லை; ஆனால் எடுத்துக்கொண்டுதான் போனேன்.

அந்த மாதமே பள்ளி ஆண்டு விழா. பரிசு கொடுக்க வழக்கம்போல அப்பாவைக் கூப்பிட்டிருந்தார்கள். கழுத்தில் சம்பங்கி மாலையோடு மேடையில் அவர் உட்கார்ந்திருக்க, தையல்காரர் வீட்டுக் காதர் பேச வந்தான். என் வகுப்புதான், ஊரிலேயே பெரிய தொண்டை அவனுக்கு. தலைப்பு, உலகப் பெருந்தலைவர்கள். வாஷிங்டன் என்று அவன் ஆரம்பித்தான். அதே புத்தகம் பள்ளிக்கும் வந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. காதர் கையை உயர்த்தி, "மக்கள் கெஞ்சினார்கள்! மூன்றாம் முறை வேண்டாம் என்று மறுத்தார்! வயலுக்குத் திரும்பினார் அந்த மாமனிதர்!" என்று முழங்கினான்.

முதலில் யாரும் கை தட்டவில்லை. பிறகு பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏம்ப்பா, டீக்கடை வாசிங்டன் வேற, இந்த வாசிங்டன் வேறயா?" கொட்டகையே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. பெண்கள் வரிசையில் என்னைத் தேடினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. காதருக்கு முதல் பரிசை, ஒரு எவர்சில்வர் டம்ளரை, அவர்தான் கொடுத்தார். அவன் முதுகைத் தட்டியும் கொடுத்தார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சித்தப்பாதான் கொதித்தார். "முனுசாமி சொல்லிக் குடுத்த வேல அண்ணா இது. பையன் தப்பாப் படிச்சிருக்கான்." அப்பா நேராக வீட்டுக்குள் போய், அம்மா அட்டை போட எடுத்து வைத்திருந்த அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"படி பாப்பா. வுடாம படி."

படித்தேன். எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. முடித்ததும், "ஏன் கண்ணு அன்னைக்கு மாத்திச் சொன்ன?" என்றார்.

அழுகைக்கு நடுவே, "ரேடியோ சாவி போயிருமில்லப்பா" என்றேன்.

அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பதினோரு வயசுல பதவி ஆசையப் பாருங்க இவளுக்கு!"

அப்பா புத்தகத்தை மூடி அம்மாவிடம் கொடுத்தார். பிறகு, "எனக்கும் அதே ஆசதான் பாப்பா. அதனாலதான் கேட்டதும் நம்பிட்டேன்" என்றார். சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அப்பா அந்தத் தேர்தலில் நிற்கவில்லை.

மாவு மில் முனுசாமி ஜெயித்தார். அவர் பதவியேற்ற நாளில் ஊரில் இருக்க வேண்டாம், ஒகேனக்கல் வரைக்கும் போய் முழுகிவிட்டு வரலாம் என்று சித்தப்பா கூப்பிட்டார். அப்பா மறுத்துவிட்டார். அந்தப் புத்தகத்தில் இரண்டாவது ஜனாதிபதி ஆடம்ஸின் கதையும் இருந்தது. தன்னைத் தோற்கடித்த ஜெபர்சன் பதவியேற்பதைப் பார்க்கப் பிடிக்காமல், அன்று பொழுது விடியும் முன்பே வண்டியேறிப் போய்விட்டவர் அவர். "அந்த ரெண்டாவது ஆளு மாதிரி ஓடக்கூடாது. போய் மால போட்டுட்டு வரணும்" என்று அப்பா சலவை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினார். ஆணியிலிருந்து சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

பஞ்சாயத்து ஆபீசில் அவ்வளவு பேருக்கு நடுவில் அதை நான் முனுசாமியிடம் நீட்டினேன். அவர் கொஞ்சம் திகைத்தார். "அண்ணா, வழக்கம்போல பாப்பாவே வந்து ரேடியோ போடட்டுங்களே. எனக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றார். பதிலை என்னிடமே விட்டுவிட்டு அப்பா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேணாங்க" என்றேன். அந்த ஊரில் பலபேர் முன்னால் நான் பேசிய ஒரே சொல் அதுதான்.

அன்று மாலை ஆறு மணிக்கு வேறு யாரோ ரேடியோவைப் போட்டார்கள். நான் முதன்முறையாகப் புளியமரத்தடியில் மற்றவர்களோடு உட்கார்ந்து கேட்டேன். அறைக்குள்ளே பெட்டியின் மெல்லிய முனகல் மட்டுமே கேட்டுப் பழகிய எனக்கு, வெளியே அது எவ்வளவு பெரிதாக ஒலிக்கிறது என்பது அதுவரை தெரியாது.

இப்போது ரேடியோ அறை இல்லை, புளியமரமும் இல்லை. சேலம் சாலையை நான்குவழிச் சாலையாக அகலப்படுத்தியபோது எங்கள் வீட்டின் முன்பாதியோடு போய்விட்டன. நின்ற பின்பாதியை வாங்கியவர் டயர் கடை வைத்திருக்கிறார். வழவழ புத்தகங்கள் எப்போது வருவது நின்றது என்று எனக்கு நினைவில்லை. என் மகள் கல்லூரியில் சரித்திரம் படித்தபோதுதான், வாஷிங்டன் திரும்பிப் போன அந்தப் பண்ணையை உழுதவர்கள் அடிமைகள் என்றும், தான் செத்து, தன் மனைவியும் போன பிறகு அவர்களை விடுதலை செய்யும்படி அவர் உயில் எழுதினார் என்றும், மனிதர்கள் எல்லோரும் சமம் என்று எழுதிய ஜெபர்சன் கடைசிவரை அடிமைகளை வைத்திருந்தார் என்றும் தெரிந்துகொண்டேன். அந்தப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்தவள் நான். அதில் இது எங்கும் இல்லை. எழுதியவர்களும் என்னைப் போலவே எங்களுக்கு வரியை விட்டுவிட்டுப் படித்துக் காட்டியிருக்கிறார்கள்.

கடைசிக் காலத்தில் அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது. ஊருக்குப் போகும்போதெல்லாம் பேப்பர் படித்துக் காட்டுவேன். முடித்து மடிக்கும்போது, முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்பார். "எதையும் வுட்டுட்டுப் படிக்கலயே பாப்பா?" அவர் போன பிறகு நான் எதையும் உரக்கப் படிப்பதில்லை.

இதை எழுதி முடித்துத் திரும்பப் பார்த்தபோது அந்தக் கேள்வி மறுபடியும் காதில் விழுந்தது. ஊர் முழுக்கக் குழாய் போட்டார் என்று மேலே எழுதியிருக்கிறேன். அப்பாவின் குழாய் மாரியம்மன் கோயில் முனையோடு நின்றுவிட்டது. அதற்கப்பால் இருந்த காலனிக்கு, அவர் பதவியில் இருந்த இரண்டு முறையும் போகவில்லை. அந்தப் பெண்கள் எங்கள் குழாயைத் தொடக்கூடாது என்பதால், குடத்தோடு எங்கள் தெருமுனையில் வந்து, யாராவது பிடித்து ஊற்றும்வரை காத்து நிற்பார்கள். நான் ரேடியோ அறைக்குப் போகும்போது தினமும் பார்த்திருக்கிறேன். முனுசாமிதான் அங்கே குழாயைக் கொண்டுபோனார்.

அந்த வரியையும் படித்துவிட்டேன், அப்பா.