துண்டுக்கு அடியில் எரிந்த விளக்கு

மூன்று நாட்களாக வண்டியின் மீட்டர் மேல் என் துண்டு கிடந்தது. வெயிலுக்குப் போட்டதாக வீட்டில் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். துண்டுக்கு அடியில் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அது என்ன விளக்கு என்று எனக்குத் தெரியாது. வண்டியோடு வந்த புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. நான் படித்தது பத்தாவது வரைதான். யாரிடமாவது கேட்கலாம். கேட்கத்தான் எனக்கு வராது. ஒரு விஷயம் தெரியவில்லை என்று சொல்வதற்கு முன்னால் நாலு முறை தொண்டையைச் செருமிவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன்.

மகள் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, வலி எடுத்தால் தாமதிக்காமல் சேலத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். எங்கள் வீடு மலைமேல் செம்மநத்தத்தில், ஒரு பள்ளத்தில் இருக்கிறது. ரோட்டைப் பிடிக்க ஒரு செங்குத்தான மேடு ஏறியாக வேண்டும். விளக்கு எரியத் தொடங்கிய பிறகு அந்த மேட்டில் வண்டி முக்கியது. முன்பு ஏழு பேரையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு இரண்டாம் கியரிலேயே போகும் வண்டி, நான் ஒருவன் மட்டும் இருக்கும்போது முதல் கியர் கேட்டது.

செகண்ட் ஹேண்டாக வாங்கிய எஸ்.யூ.வி. அது. இரண்டு லிட்டரை ஒட்டிய டர்போ டீசல், நாலு சிலிண்டர், ஆறு கியர். பஸ் ஸ்டாண்டிலிருந்தும் ஏரிக்கரையிலிருந்தும் ஹோம்ஸ்டேகளுக்கு ஆள் ஏற்றிப் போவதுதான் என் பிழைப்பு. சொன்ன கிலோமீட்டர் வருவதற்கு முன்பே ஆயில் மாற்றுவேன். டீசல் ஃபில்டரில் சேரும் தண்ணீரை இறக்குவேன். மேடேறி வந்தால் டர்போ சூடு தணிய ஒரு நிமிடம் ஓடவிட்டுத்தான் நிறுத்துவேன். இவ்வளவு பார்த்தும் எங்கே தப்பு செய்தேன் என்று ராத்திரி முழுக்கப் புரண்டேன்.

நாலாம் நாள் காலை மகளை நடக்கக் கூட்டிப்போய்விட்டு வந்து, இளைப்பாற வண்டியில் உட்காரவைத்தேன். அவள் துண்டைத் தூக்கிவிட்டாள்.

"ஏனுங்கப்பா, இது எத்தன நாளா எரியுது?"

"நேத்துத்தான் கண்ணு."

"பொய் சொல்றப்ப உங்க காது செவந்துருமுங்கப்பா."

அவள் புத்தகத்தை எடுத்து அந்த விளக்கின் படத்தைத் தேடிப் பிடித்தாள். புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் ஒரு ஃபில்டர் இருக்கிறதாம். சின்னச் சின்ன ஓட்டமே ஓடினால் அதில் கரி அடைத்துக்கொள்ளுமாம். நிறைய சேர்ந்தால் வண்டியே தன் சூட்டைக் கூட்டி அதை எரித்துவிடப் பார்க்கும். அப்போது நின்றிருந்தாலும் ஃபேன் பலமாகச் சுற்றும், சூட்டு வாடை வரும், இன்ஜினை நிறுத்தக் கூடாது.

"அப்படி ஃபேன் எப்பவாச்சும் சுத்துச்சுங்களா?"

ஐந்தாறு முறை சுற்றியிருந்தது. ஹோம்ஸ்டே வாசலில் நிற்கும்போது திடீரென்று ஃபேன் இரையும். வந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஓட்டை வண்டி என்று நினைப்பார்களே என்று கூசிப்போய் ஒவ்வொரு முறையும் சாவியைத் திருப்பிவிட்டேன். இன்ஜின் பாதி எரித்த கரியை நானேதான் திரும்பத் திரும்ப அணைத்திருக்கிறேன்.

இதற்கு வழி, ஒரே சீரான வேகத்தில் இருபது நிமிடமாவது ஓட்டுவதுதான் என்று மகள் படித்துச் சொன்னாள். எங்கள் மலையில் அப்படி இரண்டு நிமிடம் ஓட்ட ரோடு இல்லை. சமவெளிக்கு இறங்கினால்தான் முடியும். ஓட்டாமல் விட்டால் வண்டி இன்னும் முடங்கும், மேடு ஏறாது. நான் வண்டியை எடுத்துக்கொண்டு கீழே போயிருக்கும் நேரத்தில் வலி வந்தால்?

மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். "நெறமாசப் புள்ளைய உட்டுப்போட்டு நீங்க பைபாஸ்ல காத்து வாங்கப் போறீங்களா?"

"நானும் வாரேன்," என்றாள் மகள். "ஆஸ்பத்திரி கீழதான இருக்குது? வலி வந்தா அங்கேயே போயிக்கலாம்."

மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஆஸ்பத்திரிக்குக் கட்டிவைத்திருந்த பையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாகப் பின் சீட்டில் ஏறிவிட்டாள்.

முதல் கியரில் முக்கி மேடேறினோம். இருபது வளைவையும் ஊர்ந்து இறங்கினேன். சேலத்தில் டீசல் போட்டேன். கால் டேங்குக்குக் கீழே இருந்தால் கரி எரியாது என்று புத்தகத்தில் இருந்ததாம். பிறகு தர்மபுரி போகும் ரோடு. நாலாம் கியர், ஒரே வேகம். லாரி முந்தினாலும் பயம், பிரேக் போட்டாலும் பயம். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

ஓமலூர் தாண்டியதும் மகள் நெளிந்தாள். "அப்பா, எங்கயாச்சும் நிறுத்துங்க. பாத்ரூம் போகோணும்."

"வலியா கண்ணு?"

"இல்லீங்கப்பா. சீக்கிரம் நிறுத்துங்க!"

ரோட்டோர ஹோட்டலில் ஒதுக்கினேன். இருவரும் இறங்கி உள்ளே போனார்கள். அப்போது ஃபேன் இரைய ஆரம்பித்தது. வாசலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். கை தானாகச் சாவிக்குப் போனது.

டீ மாஸ்டர் கத்தினார். "ஏனுங்கண்ணா, வண்டி கொதிக்குதாட்டம் இருக்குது! ஆஃப் பண்ணுங்க, தண்ணி கொண்டாரட்டுங்களா?"

"வேண்டாமுங்க." என் குரல் தேவைக்கு மேல் பெரிதாக வந்தது. "உள்ள கரி எரியுதுங்க. எரிஞ்சு முடியட்டுங்க."

"கரி எரியுதுங்களா? அப்ப இந்த டீச்சட்டியயும் அதுமேலயே வெச்சரலாமுங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. சாவியிலிருந்து கையை மட்டும் எடுத்துவிட்டேன். இருவரும் திரும்பி வரும்வரை எட்டு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒருத்தர் வந்து எட்டிப் பார்த்துவிட்டும் போனார்.

மறுபடியும் ரோட்டில் ஏறி எவ்வளவு தூரம் போனோம் என்று நினைவில்லை. மனைவி தூங்கிவிட்டாள். மகள் மட்டும் மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அணஞ்சுபோச்சுங்கப்பா."

நான் உடனே நம்பவில்லை. திரும்பி, சேலம் வரை அதே வேகத்தில் வந்தேன்.

ஒன்பது நாள் கழித்து, விடியும் நேரத்தில் மகளுக்கு வலி எடுத்தது. துண்டு என் தோளில் இருந்தது. மேட்டடியில் இரண்டாம் கியர் போட்டு மிதித்தேன். ரோட்டைப் பார்த்ததைவிட அந்த விளக்கு எரியும் இடத்தைத்தான் அதிகம் பார்த்தேன். இருட்டாகவே இருந்தது. மகள் பல்லைக் கடித்துக்கொண்டு என் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

"மீட்டர அப்பறம் பாத்துக்கலாம், முன்னாடி பாத்து ஓட்டுங்க!" என்று பின்னாலிருந்து மனைவி கத்தினாள்.

நிமிர்ந்து பார்த்தேன். மேடு முடிந்து வண்டி ரோட்டில் ஏறியிருந்தது.