ஒரு மாதம் தள்ளிப்போன ஆபரேஷன்

எங்கள் தையல் கடையில் அவளுக்குப் ‘பரவாயில்லை’ என்று பெயர். வைத்தவள் நான்தான். கத்தரிக்கோலைக் காணோமா, பரவாயில்லை. முடித்துக் கொடுத்த பேண்ட்டை வாடிக்கையாளர் மறுபடி பிரிக்கச் சொல்கிறாரா, பரவாயில்லை. முப்பது வயதில் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டபோதும் அதையேதான் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். மற்ற நாட்களில் என் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து சட்டைப் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுப்பாள். டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன இடது கையில் பாரம் ஏற்றக் கூடாது என்பதால் துணிக்கட்டை நான் தூக்கித் தருவேன். கணவருக்குச் சர்க்கரை நோய். அவரால் சிறுநீரகம் தர முடியாது. தருகிறேன் என்று சொன்ன அவள் கூடப்பிறந்த அண்ணன், எல்லாப் பரிசோதனையும் முடிந்த பிறகு போனையே எடுக்கவில்லை. அதற்கும் பரவாயில்லைதான். கடைசியில் முன்வந்தது மாமியார். பள்ளிக்கூட பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை அவருக்கு. அவர் வாயைத் திறந்தால் பஸ்ஸே அடங்கும். அவருடைய சிறுநீரகம் பொருந்தியது.

ஆபரேஷனுக்கு எட்டு நாள் இருந்தபோது டாக்டர் இருவரையும் கூப்பிட்டார். அவர் சொல்வதை எழுதிக்கொள்ள நானும் நோட்டோடு போனேன்.

“உங்க ரத்தத்துல ரூபெல்லாங்கற அம்மைக்கு எதிர்ப்புச் சக்தி இல்லம்மா,” என்றார் டாக்டர்.

“சின்ன வயசுல எனக்கு அம்மை போட்டிருக்கே?” என்றாள் அவள்.

“அது வேற ஏதோ அம்மையா இருந்திருக்கும். இதுக்குத் தடுப்பூசி இப்ப போட்டாத்தான் உண்டு. கிட்னி வச்சப்புறம் சாப்பிடற மாத்திரை உடம்போட எதிர்ப்பைக் குறைச்சிடும், அதுக்கப்புறம் இந்த ஊசி போடக் கூடாது. ஆனா இப்ப போட்டா ஆபரேஷனை ஒரு மாசம் தள்ளி வைக்கணும்.”

“போடலைன்னா?” என்றார் மாமியார்.

“பின்னால இவங்க கர்ப்பமா இருக்கறப்ப அந்த அம்மை வந்தா, குழந்தையோட கண்ணு, காது, இதயம் எல்லாம் பாதிக்கலாம். இன்னும் ஒரு மாசம் டயாலிசிஸ்ல இவங்க உடம்பு தாங்கும். குழந்தை பெத்துக்கற எண்ணம் இருக்காம்மா?”

நோய் வந்த இந்த மூன்று வருடமாக அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. நானும்தான். வெட்கமாக இருந்தது.

“இல்ல டாக்டர். தேதியை மட்டும் மாத்தாதீங்க. பரவாயில்ல.”

பச்சைப் பொய். கடைக்கு யார் கைக்குழந்தையோடு வந்தாலும் வேலையைப் போட்டுவிட்டு முதலில் வாங்கி மடியில் வைத்துக்கொள்பவள் இவள். நோட்டில் எழுத எனக்குக் கை வரவில்லை.

மாமியார் நாற்காலியோடு அவள் பக்கம் திரும்பினார். “என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. ஒரு மாசத்துல நான் மனசு மாறிடுவேன்னு பயப்படறியா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “அண்ணனும் தரேன்னுதான் சொன்னான் அத்தை.”

“அவனும் நானும் ஒண்ணா? அம்பத்திநாலு வருஷமா என் உடம்புக்குள்ள கிடக்குற கிட்னி, இன்னும் ஒரு மாசத்துல எங்கயும் ஓடிப்போயிடாது. உனக்கு என்ன வேணுமோ அதைச் சொல்லு.”

“குழந்தை வேணும் அத்தை,” என்றாள். சொன்னதும் குலுங்கிக் குலுங்கி அழுதாள். நானும் அழுதேன். டாக்டர் தேதியை அடித்துவிட்டு வேறு தேதி எழுதினார்.

வலது கையில் ஊசி போட்டார்கள். வெளியே வந்ததும் மாமியார் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டார்.

“டீச்சர், ஆபரேஷனுக்குப் போட்ட லீவை அடுத்த மாசத்துக்கு மாத்திக்கறேன். நாளைக்கு வேலைக்கு வந்துடறேன். ஐயோ, கெட்ட சேதியெல்லாம் ஒண்ணுமில்ல. என் பேரப்பிள்ளைக்கு இன்னிக்கு முதல் ஊசி போட்டாச்சு.”