எட்டு எண்ணுவதற்குள் திரும்பிய முகம்

1. கேட்டில் சொன்ன பொய்

சிங்காநல்லூர்ப் பக்கத்து மில் ஒன்றின் கேட்டில் என் சட்டைப் பையைத் தடவிப் பார்த்து, தீப்பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டார் வாட்ச்மேன். பீடி உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு கேமராப் பையைத் திறந்து, ஒரு தகர டப்பாவைத் தூக்கிப் பார்த்தார்.

"இதென்னுங்க?"

"போட்டோவுக்கு உண்டான மருந்துங்க."

போட்டோ பிடிப்பவன் மருந்து என்றால் யாரும் மேலே கேட்பதில்லை. படம் விழுந்த கண்ணாடி பிளேட்டைக் கழுவ மருந்து, பிரிண்ட் போட மருந்து என்று எங்கள் பிழைப்பே மருந்தில்தான் ஓடியது. ஆனால் அந்த டப்பாவில் இருந்தது ஃபிளாஷ் பவுடர். பற்ற வைக்கத் தீப்பெட்டியும் தேவையில்லை. என் ஃபிளாஷ் தட்டின் பிடியிலேயே, சிகரெட் லைட்டரில் இருப்பதுபோல ஒரு பொறிச் சக்கரம் உண்டு. கட்டைவிரலால் ஒரு சுழற்று சுழற்றினால் போதும்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. இன்னொருவர் ஸ்டூடியோவில் ஆபரேட்டராக இருந்துவிட்டு, ஒப்பணக்காரத் தெருவை ஒட்டிய சந்தில் சொந்தக் கடை போட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. பைக்காரா நீர்மின் நிலையத்துக் கரண்ட் வந்த பிறகு ஊரைச் சுற்றிப் புதிது புதிதாக மில்கள் எழும்பின. இந்த மில் ஆட்களை நிறுத்தி எடுக்கும் ஒரு குரூப் படம் நன்றாக வந்துவிட்டால் மற்ற மில்காரர்களும் கூப்பிடுவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன். மண்டையில் கனம் ஏறுவதற்கு அது போதாதா?

2. பவுடர் பற்றிக் கொஞ்சம்

இன்றைய பிள்ளைகள் பட்டனைத் தொட்டு வெளிச்சம் வரவழைக்கிறார்கள். அவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஃபிளாஷ் பவுடர் என்பது மக்னீசியத் தூளும் ஒருவகை உப்பும் கலந்தது. தட்டில் பரப்பி லென்ஸுக்கு மேலே, ஒரு பக்கமாகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். கீழே பிடித்தால் மணப்பெண்கூடப் பேய் மாதிரி வருவாள். கல்யாண வீட்டில் ஒரு ஸ்பூன், கூட்டம் பெரிதென்றால் மூன்று ஸ்பூன். "புஸ்" என்று எரியும்போது பந்தல் துணியும் பெரிய மனிதரின் மீசையும் எட்ட இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டிலும் எனக்கு அனுபவம் உண்டு, விவரம் வேண்டாம்.

கண்ணை மூடாதீர்கள் என்று சொல்லவே சொல்லாதீர்கள். சொன்னால் கட்டாயம் மூடுவார்கள். ஏதாவது ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்ல வாய் திறக்கும் நொடியில் கண்ணும் திறந்திருக்கும்.

3. நூல் சிட்டமும் கூரைக் கண்ணாடியும்

மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு மெஷின்கள் நின்றன. அரை மணி அவகாசம். நாற்பத்திரண்டு பேர். நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பெண்கள் முன் வரிசை, ஆண்கள் பின் வரிசை. மெஷின் நின்றாலும் பஞ்சுத் துணுக்குகள் காற்றில் மிதந்துகொண்டுதான் இருந்தன. பெல்ட், குழாய், சன்னல் கம்பி எல்லாவற்றிலும் வெள்ளையாக ஒட்டியிருந்தது. பார்க்க அழகாக இருக்கிறது என்று நினைத்தேனே தவிர, என் மரமண்டையில் வேறெதுவும் தோன்றவில்லை.

மூன்று ஸ்பூன் பவுடரைத் தட்டில் கொட்டினேன். மானேஜர் வரிசையின் மறுகோடியில் மேஸ்திரிகளை உயர வரிசைப்படி நிறுத்திக்கொண்டிருந்தார். முன் வரிசை ஓரத்தில் நின்ற ஒரு பெண் என்னையே பார்த்தார். மாராத்தாள் என்று பெயர், ரீலிங்கில் வேலை. என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும்.

"ஏனுங்க, தட்டத்துல என்னங்க?"

"வெளிச்சம் வர்ற மருந்துங்கக்கா."

"எப்படீங்க வரும்?"

கேட்டாரே என்ற பெருமையில் பிடியைத் தூக்கிக் காட்டி, இந்தச் சக்கரத்தைச் சுழற்றினால் பொறி விழும், பவுடர் எரியும் என்று விளக்கினேன். மாராத்தாள் கத்தவில்லை. வரிசையை விட்டு மெல்ல வந்து, தன் முந்தானையால் தட்டை மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"மேல பாருங்க. பைப்பெல்லாம் பஞ்சு. ஒரு பொறி உளுந்தாப் போதுமுங்க, அந்தக் கோடி வரைக்கும் ஓடும். கதவு ரெண்டேதானுங்க."

பார்த்தேன். அப்போதுதான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். சக்கரத்திலிருந்து கட்டைவிரலை எடுத்தேன்.

"டப்பாவுல போட்டு மூடிப்போடுங்க," என்றார் தணிந்த குரலில். "நானு ஆருகிட்டயும் சொல்லலீங்க. சொன்னா உங்களையும் முடுக்கி உட்டுருவாங்க, கேட்டுக்காரருக்கும் வேலை போயிருமுங்க. அவருக்கு அஞ்சு கொழந்தைங்க."

பவுடரை டப்பாவில் கொட்டி மூடினேன். தட்டையும் டப்பாவையும் பைக்குள் போட்டு, மூன்று கால் ஸ்டாண்டின் கீழே வைத்தேன். மானேஜரிடம் போய், உள்ளே இருக்கிற வெளிச்சமே போதும் என்று சொன்னேன். அது போதாது என்பது எனக்குத் தெரியும். முகங்கள் வெறும் கரிக்கட்டையாக வரும்.

அதற்கும் மாராத்தாள்தான் வழி சொன்னார். "கூரைக் கண்ணாடியில பஞ்சு அப்பியிருக்குதுங்க. தொடச்சு உட்டா எங்களுக்கே நூலு நல்லாத் தெரியும்."

நீளத் துடைப்பத்தால் நாலு பேர் கண்ணாடிகளைத் தட்டிவிட்டதும் மேலிருந்து வெளிச்சம் இறங்கியது. ஆனால் மேல் வெளிச்சத்தில் கண்குழி இருட்டாகிவிடும். கீழிருந்தும் கொஞ்சம் வெளிச்சம் வேண்டும் என்றேன். ரீலிங் பெண்கள் வெள்ளை நூல் சிட்டங்களை அள்ளி வந்து முன் வரிசையின் காலடியில் குவித்தார்கள். மேலிருந்து விழுந்த வெளிச்சம் நூலில் பட்டு முகங்களுக்கு ஏறியது. அதைவிட நல்ல லைட்டிங்கை நான் பிறகு எந்த ஸ்டூடியோவிலும் போட்டதில்லை.

எட்டு செகண்ட் எக்ஸ்போஷர். எட்டு செகண்ட் ஆடாமல் நிற்க வேண்டுமானால் வெறுமனே நிற்கக் கூடாது. மெஷினையோ பக்கத்தில் இருப்பவரின் தோளையோ தொட்டுக்கொள்ள வேண்டும். மூச்சைப் பிடிக்காமல் பாதி விட்டு நிறுத்த வேண்டும். எல்லாம் சொல்லிக் கொடுத்து, லென்ஸ் மூடியை எடுத்து எண்ணினேன். ஐந்து எண்ணும்போது என் கால் பையில் இடித்தது. உள்ளே தட்டு "டங்" என்றது. எட்டு எண்ணி மூடியைப் போட்டேன். சங்கு ஊதிவிட்டது, இன்னொரு பிளேட்டுக்கு நேரமில்லை.

4. மானேஜர் கேட்ட கேள்வி

பிளேட்டைக் கழுவிப் பிரிண்ட் போட்டதில், நாற்பத்தொரு முகங்கள் கண் இமை தெரியும் அளவுக்கு விழுந்திருந்தன. ஓரத்தில் ஒரு முகம் மட்டும் கலைந்திருந்தது. தட்டு சத்தம் போட்டதும் மாராத்தாள் பையைத் திரும்பிப் பார்த்திருக்கிறார்.

மானேஜர் பிரிண்டைக் கையில் வைத்துக்கொண்டு முகம் சுளித்தார்.

"இது ஆரப்பா? மாராத்தாளா? அத்தனை பேரு நிக்கலையா, இவுளுக்கு மட்டும் என்ன கேடு? ஒரு வாரம் ஊட்டுல உக்கார வெச்சாத்தான் புத்தி வரும்."

நான் பேசாமல் இருந்திருக்கலாம். அடுத்த ஆர்டரும் கிடைத்திருக்கும். உண்மையைச் சொல்லிவிட்டால் அன்றே கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று தோன்றியது. ஆனாலும் அந்த முந்தானை தட்டின்மேல் கிடந்தது கண்ணுக்குள்ளேயே நின்றது.

"அந்தக்கா மேல தப்பில்லீங்க. என்ற பையில ஃபிளாஷ் பவுடர் இருந்துச்சுங்க. கேட்டுக்காரர்கிட்ட மருந்துன்னு பொய் சொல்லி நாந்தான் கொண்டு போனேனுங்க. பத்த வெக்கப் போனவனை அந்தக்காதான் தடுத்துப்போட்டாங்க. பையில சத்தம் கேட்டதும் பயந்து திரும்பியிருக்காங்க."

மானேஜர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். படத்தின் ஓரத்தில் கலைந்திருந்த முகத்தின்மேல் விரலை வைத்தார். என்னை அடிக்க வருவார் என்று நினைத்தேன்.

"நாப்பத்திரண்டு பேருல, நேரா நின்னது இந்தப் புள்ள ஒருத்திதான்," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இனி நீ என்ற கேட்டுக்குள்ள காலு வெக்கக் கூடாது. போ," என்றார்.

மாராத்தாளை வீட்டுக்கு அனுப்பவில்லை. வாட்ச்மேன் வேலையும் போகவில்லை. படத்தை ஆபீசில் மாட்டியதாகக் கேள்விப்பட்டேன்.

5. கேட்டுக்கு வெளியே

உள்ளே போகக் கூடாதென்றால் வெளியே நிற்கலாமே. ஒரு பிரிண்டை அட்டையில் ஒட்டி எடுத்துக்கொண்டு, சாயங்காலம் ஷிஃப்ட் விடும் நேரத்தில் கேட்டுக்கு எதிரில் நின்றேன். மாராத்தாள் படத்தைக் கையில் வாங்கி ஒவ்வொரு முகமாகப் பெயர் சொல்லி அடையாளம் காட்டினார். தன்னை மட்டும் காணவில்லை.

"நானு எங்கீங்க?"

ஓரத்தைக் காட்டினேன். காட்டவே வெட்கமாக இருந்தது.

"இந்தப் பஞ்சுத் துணுக்கு நானுங்களா?" என்று சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் மறுபடியும் வரிசையாகப் பார்த்தார். "மத்தவிய எல்லாரும் நல்லா இருக்காங்கல்லொ? அது போதுமுங்க," என்றார்.

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் படத்தைச் சாப்பாட்டுத் தூக்குப்போசி மேல் வைத்துக்கொண்டு மற்றவர்களோடு நடந்துவிட்டார்.

அதற்குப் பிறகு நாற்பது வருடம் படம் பிடித்தேன். கல்யாணம், கோயில், ஆலை, ஆஸ்பத்திரி, எங்கே போனாலும் பையைத் திறப்பதற்கு முன் அங்கே வேலை செய்கிறவர் ஒருவரிடம், "இங்க என்ன செய்யக் கூடாதுங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்டாண்டை ஊன்றினேன். தொழிலில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

அந்தப் படம் என் கடைச் சுவரில் கடைசிவரை தொங்கியது. ஒரு முகம் ஆடிப்போன படத்தைப் போய் மாட்டி வைத்திருக்கிறீர்களே என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். மற்ற நாற்பத்தொரு பேரையும் எண்ணிப் பார்க்கச் சொல்வேன்.