கைப்பிடிக் கம்பியில் விபூதி

காஞ்சனாவுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். லாலாகுடா ரயில்வே காலனியில் பக்கத்து வீட்டில் வளர்ந்தவள் நான். அந்தக் காதை எனக்கு நன்றாகத் தெரியும். அவள் அப்பா ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். இவள் வேதியியல் படித்துவிட்டு, ஒரு சின்ன கம்பெனியில், ஆஸ்பத்திரி மாதிரி இடங்களின் கைப்பிடிக் கம்பிகளில் பூச, ஃப்ளூ வைரஸைச் செயலிழக்க வைக்கும் பூச்சு ஒன்றை உருவாக்கினாள். வருஷக்கணக்கான உழைப்பு. பூச்சு பூசிய தகட்டில் வைரஸை விட்டால் சில நிமிஷங்களில் கதை முடிந்துவிடும்.

ஜனங்கள் புழங்கும் இடத்திலும் அது வேலை செய்தால்தான் திட்டம் தொடரும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. குகட்பள்ளியில் நாங்கள் போகும் முருகன் கோயிலின் வரிசைக் கம்பியில் பூச்சுத் தகடுகளை ஒட்டினாள். ஒரு மாதம் கழித்துக் கழற்றிக்கொண்டு போய், லேபில் அவற்றின்மேல் வைரஸை விட்டுப் பார்த்தாள். அது சௌக்கியமாக இருந்தது.

மறுநாளே என்னையும் இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். பட்டுப்புடவைக்காரி முதல் கழுத்தில் ஐடி கார்டு தொங்குபவன் வரை ஒருத்தர் பாக்கியில்லை. நெற்றியில் இட்டது போக மிச்ச விபூதியைக் கம்பியில்தான் தடவுகிறார்கள். அதன்மேல் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்ட நெய்க்கை. பூச்சு அடியில் கிடக்கிறது, வைரஸ் மேலே உட்கார்ந்திருக்கிறது. எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

"கை துடைக்க வேற இடமே கிடைக்கலையா?" என்று காஞ்சனா கத்தினாள்.

கோயில் கமிட்டி நாராயணஸ்வாமி ஓடி வந்தார். "பக்தாளைத் திட்டப்படாதும்மா. விபூதியைக் கீழே கொட்டலாமோ?"

"அதுக்காகக் கம்பியிலயா சார் தடவணும்?"

அவர் அவள் கையைப் பார்த்தார். குருக்கள் கொடுத்த விபூதியில் மிச்சத்தை, பேசிக்கொண்டே அவளும் கம்பியில் தேய்த்திருந்தாள். நான் சிரித்துத் தொலைத்தேன். அவள் காது சிவந்தது.

அடுத்த நாள் ஆபீஸில் நடந்ததை அவளே சொன்னாள். மேலாளர் அபிநவ், "கோயில் ரிசல்ட் நக்கோ மேடம், வேண்டாம். சுத்தமான தகட்டு ரிசல்ட் மட்டும் காட்டுவோம், திட்டம் பிழைச்சுக்கும்" என்றானாம்.

"அதை நம்பி ஆஸ்பத்திரியில ஒருத்தி பச்சைக் குழந்தையோட கம்பியைப் பிடிப்பா. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"கம்பியைத் துடைச்சு வைக்கச் சொல்லலாம் மேடம்."

"நானே தடவிட்டு வந்திருக்கேன்! கம்பியில கை துடைக்காத ஊர் ஒண்ணு காட்டுங்க, அங்க போய் ஒட்டறேன்."

அந்த வாரமே திட்டத்தை மூடிவிட்டார்கள்.