தலை நிமிராத துரை

எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மூளை எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்க்கச் சீமையிலிருந்து ஒரு மனோதத்துவ நிபுணர் வந்தார். அளக்கும் கேள்வித்தாளையும் அங்கிருந்தே கொண்டுவந்திருந்தார். எங்கள் அல்சூர்ப் பக்கத்து மூளைக்கு அது பொருந்துமா என்று கேட்பது மரியாதையாக இருக்காது என்பதால் யாரும் கேட்கவில்லை.

துரை கேட்பதைத் தமிழில் சொல்வதும் கடிகாரம் பார்ப்பதும் என் வேலை. கேள்விக்கு அரை நிமிஷம். இடையில் நான் வாய் திறக்கக் கூடாது. நேர விஷயத்தில் நான் கறாரானவன் என்று தலைமையாசிரியரே சிபாரிசு செய்திருந்தார். தேறுகிறவர்களுக்கு ஆறாம் வகுப்பு; தேறாத பெண்களுக்குத் தையல் பிரிவு.

காலை ஒன்பதே காலுக்கு மர்பி டவுனில் குடியிருந்த பட்டாளத்துச் சமையற்காரரின் மகள் வந்து நின்றாள். கணக்கில் வகுப்பிலேயே முதல். நான் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையோடு ஸ்லேட்டைக் கவிழ்த்து வைத்துவிடுகிறவள்.

துரை கேட்டார். நான் தமிழில் சொன்னேன். பதிலை எழுதிக்கொள்ள அவர் பென்சிலோடு காகிதத்தின் மேல் குனிந்தார். அவள் வாயைத் திறந்தாள், குனிந்த தலையைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். பெரியவர்கள் குனிந்து எழுதும்போது பேசக் கூடாது, நிமிர்ந்து பார்க்கும் வரை காத்திருக்க வேண்டும். அதைச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். துரை அவள் பதிலுக்காகக் குனிந்திருந்தார். அவர் நிமிர்வதற்காக அவள் நின்றிருந்தாள். முப்பதாவது விநாடியில், "டைம்" என்றேன். துரை சுழி போட்டார். பன்னிரண்டு கேள்விக்கும் இப்படியே. மரியாதையில் அவள் ஒரு தடவைகூடத் தவறவில்லை.

அன்று தேறியவர்கள் இரண்டே பேர். இருவரும் குறுக்கே பேசியதற்காக வாராவாரம் நான் பெஞ்சியில் ஏற்றி நிறுத்தியவர்கள்.

துரையிடம் விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். தான் நிமிர்ந்தால் முகக்குறிப்பு விடையைக் காட்டிக்கொடுத்துவிடும், உலகத்துப் பிள்ளைகள் எல்லோரையும் ஒரே மாதிரி அளப்பதுதான் நியாயம் என்றார். பிறகு, இந்த ஜனங்களுக்கு யோசனை மெதுவாக ஓடுகிறது என்று அறிக்கை எழுதினார். மறுபடி ஒருமுறை சோதிக்கலாமே என்று தலைமையாசிரியரைக் கேட்டேன். "சீமைக் காகிதம் சார், அதுல நாம கை வைக்க முடியாது" என்றார்.

மறுநாள் அவள் அப்பா பாரக்ஸ் சமையற்கட்டிலிருந்து நேராக வந்தார்.

"சார், எம் பொண்ணு மந்தம்னு தொரை எழுதிட்டாராமே. முந்தாநாள் வரைக்கும் நல்லாத்தானே இருந்தா?"

நான் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க ஆரம்பித்தேன்.

"நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"

"இருந்தேன்."

"என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"மணி பாத்துட்டிருந்தேன்."

அவள் தையல் பிரிவுக்குப் போனாள். சில நாள் கழித்து, இரவல் வாங்கிய கணக்குப் புத்தகத்தைத் திருப்பிக்கொடுக்க என் வகுப்புக்கு வந்திருக்கிறாள். நான் குனிந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். தற்செயலாக நிமிர்ந்தபோது, வாசலில் புத்தகத்தோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, அதற்கு நான் மணி பார்த்திருக்கவில்லை.