உறை பிரிக்காத புத்தகங்களும் அன்னபுஷ்பம் அக்காவும்

அன்னபுஷ்பம் அக்கா இறந்துவிட்ட செய்தி மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும் சமயத்தில் வந்தது. செக்கிங் மேசையில் பனியன் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய மகள் போனில் அழைத்து, "அம்மா போயிட்டாவ அக்கா. காலைல நெஞ்சு வலிக்குன்னாவ. ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சிட்டு" என்றாள். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அது இன்னும் அடங்கவில்லை. இந்த அஞ்சலியையும் அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வீரபாண்டிப் பக்கம் நாங்கள் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில், வேலைக்கு வரும் பெண்களின் பிள்ளைகளுக்கென்று ஒரு காப்பகம் உண்டு. அதைப் பார்த்துக்கொண்டவர் அக்கா. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அனுப்பர்பாளையத்தில் லைன் வீடு ஒன்றில் குடியிருந்தார். கனத்த குரல் அவருக்கு. மெஷின் இரைச்சலையும் தாண்டி எங்கள் மேசை வரைக்கும் கேட்கும். என் மகள் யாழினி அவர் மடியில்தான் வளர்ந்தாள்.

அக்கா வேலைக்கு வந்தபோது காப்பகத்தில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. எங்களிடம் பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பையர், காப்பகப் பிள்ளைகளுக்காகக் கொடுத்த தமிழ்ப் படப்புத்தகங்கள் அதில் இருந்தன. ஒவ்வொன்றும் தனித்தனிப் பாலிபேக் உறையில், ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தோடு, பேக்கிங் பிரிவில் கொடுத்து ஒட்டியது. பையரின் ஆட்கள் கம்பெனியைச் சோதிக்க ஆடிட் வரும் நாளில் அலமாரியைத் துடைப்பார்கள். வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்கும். பையர் ஒப்புக்கொண்ட சாம்பிளை யாரும் தொடக்கூடாது என்பது எங்கள் தொழிலில் சட்டம். அந்தச் சட்டத்தைப் பிள்ளைகளின் புத்தகத்துக்கும் கொண்டுவந்த மூளையை என்னவென்று சொல்வது?

அக்கா முதல் வாரமே சாவியைக் கேட்டு வாங்கி, எல்லா உறைகளையும் கிழித்துப் போட்டார். டீ நேரத்தில் யாழினியைப் பார்க்கப் போனபோது, சுற்றிலும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்திருந்தார். டவுன் பஸ்ஸில் ஏறும் எருமையின் கதை.

"எருமை படியில ஏறிட்டு. இப்பம் கண்டக்டரு என்ன சொல்லுவாரு?"

"ரைட்" என்று பிள்ளைகள் ஒரே குரலில் கத்தின. சத்தம் அடங்கும் வரைக்கும் அக்கா காத்திருந்தார். பக்கத்தை அவர் திருப்பவில்லை. ஒடிசாவிலிருந்து வந்த தம்பதியின் மகள் மமதா மடியில் இருந்தாள். தமிழே தெரியாமல், வந்ததிலிருந்து வாய் திறக்காத பிள்ளை. அவள் மெதுவாக "ரைட்" என்று சொல்லிவிட்டுத் தாளைப் பிடித்து இழுத்தாள். பாதி கிழிந்துவிட்டது. அக்கா சிரித்தார்.

"பார்த்துத் திருப்பச் சொல்லக் கூடாதாங்கக்கா?" என்று கேட்டேன்.

"தாளைத் திருப்புறது பிள்ளையோட சோலி. அதையும் நானே செஞ்சா, பெறவு அதுக்கு இங்க என்ன வேலை?" என்றார்.

அடுத்த ஆடிட்டுக்கு முன்னால், இதையெல்லாம் கவனிக்கும் மேனேஜர் அலமாரியைத் திறந்து பார்த்தார். முகம் கருத்துவிட்டது. "ஏனுங்கம்மா, பையர் வந்தா இதையா காட்டறது? எச்சி, பிஸ்கட்டு, கிழிசல். நீங்களே கையில வெச்சுக்கிட்டு தூரமாக் காட்டுங்க, போதும்."

"சார், பனியன்ல கறை இருந்தா ரிஜெக்ட்டு. சரி, ஒத்துக்கிடுதேன். புத்தகத்துல கறை இல்லன்னா எந்தப் பிள்ளையும் அதைத் தொடலன்னு அர்த்தம். அதுதான் சார் ரிஜெக்ட்டு."

மேனேஜர் நேராக எங்கள் மேசைக்கு வந்தார். குறையுள்ள இடத்தைக் காட்ட நாங்கள் ஒட்டும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர்களை அள்ளிக்கொண்டு போனார். ஒவ்வொரு கறைக்கும் ஒவ்வொரு கிழிசலுக்கும் அம்பு ஒட்டி, படம் எடுத்து முதலாளிக்கு அனுப்பினார். படித்த மனிதர் ஒருவர் உட்கார்ந்து செய்த வேலை இது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அக்கா என்னைத் தேடி வந்தார். "அம்பு என்ன காட்டுதுன்னு பிள்ளைகள்ட்டக் கேட்டேன். உன் மவ சொல்லுதா, 'இது என் பிஸ்கட்டு, எருமைக்குக் குடுத்தேன்'ன்னு. அந்த மனுசனால கதை இன்னும் பெருசாயிட்டு பிள்ளே." கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. கம்பெனிப் பொருளைப் பாழாக்கினார் என்று சொல்லி, அக்காவைப் பனியனில் நூல் பிசிறு வெட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். புத்தகங்கள் கழிவுத் துணியோடு போயின. அதே புத்தகங்களைப் புதிதாக வாங்கி, உறையிட்டு, பூட்டினார்கள். பிள்ளைகளுக்கு ஒரு டிவி வந்தது. அக்கா சாப்பாட்டு நேரத்தில் காப்பக ஜன்னலில் நின்று, கையில் புத்தகம் இல்லாமலே எருமைக் கதை சொல்லிப் பார்த்தார். அதையும் தடுத்தார்கள். மேனேஜரைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றைத்தான் கேட்பார்: "அலமாரியைத் தொறந்து விடுங்க சார்." கடைசி வரைக்கும் கேட்டார். நெஞ்சு வலிக்கு இதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மனம் நொந்துதான் போனார். அதைக் கூடவே இருந்து பார்த்தவள் நான்.

அடக்கம் முடிந்த மறுவாரம் காப்பகத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். கண்ணாடி அலமாரியை ஒட்டி ஒரு பெரிய ஃப்ளெக்ஸ். அக்காவின் படத்துக்குக் கீழே 'மழலைகளின் அன்னை' என்று எழுதியிருந்தது. மழலைகளிடமிருந்து அவரைப் பிரித்தவர்கள் எழுதியது. மேனேஜர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க பழகுனவங்க. ரெண்டு வார்த்தை நல்லதாப் பேசுங்க கண்ணு" என்றார்.

"பேசறதுக்கு ஒண்ணுமில்லீங்க. அலமாரி சாவியைக் குடுங்க."

"அடுத்த வாரம் ஆடிட் இருக்குதுங்க. முடியட்டும், பாக்கலாம்."

"இப்பவே குடுங்க."

அந்நேரம் வேலை மணி அடித்தது. மணி அடித்த பிறகு ஒரு நிமிடம் நின்றாலும் கேள்வி கேட்கும் கம்பெனி இது. ஒருத்தியும் நகரவில்லை. தையல் பிரிவு, பேக்கிங், பிசிறு வெட்டுபவர்கள் என்று எல்லாப் பெண்களும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். மமதாவின் அம்மா தன் மகளைத் தூக்கி அலமாரிக்கு முன்னால் இறக்கிவிட்டார். மேனேஜர் எங்களைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், பிறகு சாவியை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

திறந்தேன். எருமைப் புத்தகத்தை உறையோடு மமதாவின் கையில் கொடுத்தேன். அவள் பல்லால் உறையைக் கிழித்தாள். இன்னொரு கையில் பாதி தின்ற பிஸ்கட் இருந்தது. அக்காவின் படத்துக்குக் கீழே சப்பணமிட்டு உட்கார்ந்தாள். யாழினி போய் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். மமதா தாளைத் தானே திருப்பினாள். பிஸ்கட் ஈரம் எருமையின் கொம்பில் அப்பியது.

அக்கா, முதல் கறை பட்டுவிட்டது. இனி அந்தப் புத்தகத்தை எந்த ஆடிட்டுக்கும் காட்ட முடியாது. நிம்மதியாகப் போய்வாருங்கள்.