லைப்சிக் போய்வந்த தாஜுதீன் பாய்

மலையூரான பிரிஞ்சாங்கின் டாக்ஸி ஸ்டாண்டில் தேநீரை உறிஞ்சிக்கொண்டே தாஜுதீன் பாய் ஜெர்மனிக்குள் நுழைந்துவிட்டார். போன வருஷம் மகளைப் பார்க்க லைப்சிக் நகரத்துக்குப் போய்வந்ததிலிருந்து இதே கதைதான். இனி யாராவது சவாரி கேட்டு வந்தால்தான் மனுஷன் மலைக்குத் திரும்புவார்.

“டிராம்ல டிக்கெட் கேக்க ஆளே இல்ல லா! நாமளே வாங்கி, நாமளே மெஷின்ல முத்திரை குத்திக்கணும்.” குத்தியும் மனசு கேட்கவில்லை. நேரே முன்னால் போய், ஓட்டுநரின் கண்ணாடிக் கதவைத் தட்டிச் சீட்டைக் காட்டியிருக்கிறார். “அந்தம்மா மொறச்ச மொறப்பு இருக்கே, யா அல்லா!”

காய்கறி லோரி ஓட்டும் வீரப்பனுக்கு டாக்ஸிக் கதைதான் உயிர். ரயிலடியில் டாக்ஸி பிடித்ததும், நம் ஊர்போல முன்சீட்டில் உட்காரலாமென்று பாய் இடப்பக்கக் கதவைத் திறந்தார். அங்கே ஓட்டுநர் இருந்தார்! “அவன் மடியிலயே ஒக்காரப் பாத்தேன்பா.”

“நல்லவேளை பாய், தாலாட்டுப் பாடாம விட்டானே!” என்பார் வீரப்பன், ஒவ்வொரு தடவையும்.

எல்லாம் சொல்வார். மகள் நாதிரா அங்கே தன்னைக் காரில் ஏற்றிச் சுற்றிக்காட்டியதை மட்டும் சொல்லமாட்டார். நர்ஸ் வேலைக்குப் போனவள், அங்கேயே லைசென்ஸ் எடுத்து, பழைய கார் ஒன்றும் வாங்கிவிட்டாள். இங்கே இருந்தவரை இவர் அவளை ஸ்டியரிங் பக்கமே விட்டதில்லை. “மலை ரோடு பொம்பளப் புள்ளைக்கு ஆகாதும்மா” என்று மழுப்பிவிடுவார். பயம், வேறென்ன? அவள் அம்மா மௌத்தான பிறகு அவருக்கென்று இருப்பது அந்த ஒருத்திதானே.

இப்போது நாதிரா லீவுக்கு வந்திருக்கிறாள். வந்ததிலிருந்து ஒரே பாட்டு: “அத்தா, சாவி குடுங்க.” முதலில் டயர் சரியில்லை என்றார். மறுநாள் பிரேக் சரியில்லை. “இப்படியே சொல்லிட்டிருந்தா உங்க வண்டில எவன் ஏறுவான் பாய்?” என்று வீரப்பன் சிரித்தார்.

நேற்று அவள் விடாப்பிடியாகக் கேட்டேவிட்டாள். “அங்க என் வண்டில வந்தீங்கள்ல? பயமா இருந்துச்சா?”

பாய் தலையைச் சொறிந்தார். “அங்க ரோடு நேரா கெடக்கும்மா. இங்க எடத்துக்கு எடம் வளைவு.”

“நான் இங்கதான அத்தா பொறந்தேன்?”

பாய் சட்டைப் பையைத் துழாவினார். சாவியை நீட்டிவிட்டு, என்றைக்கும் இல்லாமல் தன் வண்டியிலேயே இடப்பக்கம் ஏறினார்.

கியா பார்ம் போகும் மலையேற்றத்தில் பனி அடைத்துக்கொண்டு நின்றது. திருப்பத்துக்குத் திருப்பம் பாயின் வலது கால் பிரேக்கைத் தேடி வெறும் தரையை அழுத்தியது. ஜெர்மனியில் யாரும் சும்மா ஹாரன் அடிப்பதில்லை. இவளுக்கும் அந்தப் பழக்கம் ஒட்டியிருந்தால்? கொண்டை ஊசி வளைவு நெருங்கியது. மேலே லோரி ஒன்று உறுமிக்கொண்டு இறங்கும் சத்தம். பாய் ஹாரனை நோக்கிக் கையைக் கொண்டுபோவதற்குள் நாதிரா நீளமாக அடித்தாள். வேகத்தைக் குறைத்து ஓரம் ஒதுங்கினாள். லோரி உரசாமல் இறங்கிப் போனது.

பாய் குனிந்து செருப்பைக் கழற்றினார். இரண்டு காலையும் தூக்கி, சீட்டின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.